எட்டு கிராம்

கடைவீதியில் அவனுக்கு 'கிராம் சார்' என்று பெயர். எடை மெஷின்களைச் சோதித்து, பழுது பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை வைத்துக் கொடுப்பது அவன் வேலை. "ரெண்டு கிராம்தானே சார், கண்டுக்காதீங்க" என்று எத்தனையோ கடைக்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்துக் குழைந்து பார்த்துவிட்டார்கள். டீயைக் குடிப்பான், ரெண்டு கிராமை விடமாட்டான். சோதனைப் படிக்கல்லை வெறும் கையால் தொடவும் மாட்டான். விரல் வியர்வைக்கும் எடை உண்டு என்பான். அப்பேர்ப்பட்ட கறார் பேர்வழிதான், சொந்த வீட்டில், சொந்தக் குழந்தை விஷயத்தில், இருபத்து நாலு கிராமைக் கூட்டிச் சொன்னான்.

குழந்தைகள் இரட்டை. இரண்டும் பெண். நாள் கணக்குக்கு முன்பே அவசரப்பட்டு வந்துவிட்டார்கள். முதலில் வந்தவள் இரண்டு கிலோ நானூறு. வந்த நிமிஷத்திலிருந்து எல்லாரையும் அதட்டி வேலை வாங்கியதால் அவளுக்கு 'மேடம்' என்று பெயர் விழுந்துவிட்டது. பின்னால் வந்தவள் ஒரு கிலோ தொள்ளாயிரத்து அறுபது. அவள் 'பொடிசு'. முறையாகப் பெயர் வைப்பதற்குள் இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டன.

ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை, மருத்துவமனையில் எடை பார்த்தபோது மேடம் பழைய எடையைத் தொட்டிருந்தாள். பொடிசு நூற்று நாற்பது கிராம் இறங்கியிருந்தாள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ், தலை நரைத்த, நேருக்கு நேர் பேசுகிற மனுஷி. அட்டவணைத் தாள் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"பால் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ, கொடுத்த பிறகு ஒரு தடவ, அதே துணியோட எடை போடுங்க. கூடுதலா என்ன காட்டுதோ அதுதான் குடிச்ச பால். சின்னவளுக்கு ஒரு வேளைக்கு முப்பது கிராமாவது வரணும். ரெண்டு வேளை குறைஞ்சா உடனே போன் பண்ணுங்க. அப்புறம் பவுடர் பால் கொடுத்தே ஆகணும். எப்படியும் வியாழக்கிழமை மறுபடி எடை பாக்கக் கூட்டிட்டு வாங்க."

பவுடர் பால் என்றதும் அவன் மனைவியின் முகம் சுருங்கிப்போனது. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அறுவை சிகிச்சை முடிந்து அவள் கண் திறப்பதற்குள் குழந்தைகள் வேறு அறையில் புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். 'இரட்டைக்கு எந்தத் தாய்க்கும் பத்தாது' என்று பக்கத்துப் படுக்கையைப் பார்க்க வந்தவள்கூட இவளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனாள். கேட்காத புத்தியை அள்ளிக் கொடுப்பதற்கென்றே பிரசவ வார்டில் நாலு பேர் சுற்றிக்கொண்டிருப்பார்கள் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள். "என்னங்க, பெத்ததுகூட நான் இல்ல. வெட்டி எடுத்தாங்க. பாலாவது நான் கொடுக்கணும். பத்தலன்னு வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டேன். உங்க மெஷின் சொல்லட்டும், கேக்குறேன். நீங்க சொல்ற அன்னைக்கு நானே அந்த டப்பாவத் திறக்கறேன்."

பவுடர் டப்பா அலமாரியின் மேல்தட்டில், மூடி பிரிக்காமல் உட்கார்ந்திருந்தது.

அவன் ஒரு வாரம் லீவு போட்டு, பட்டறையிலிருந்து குழந்தை எடை மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தான். படுக்கையறை ஜன்னலோரம் மேஜையில் வைத்து, நான்கு கால்களையும் திருகித் திருகி மட்டம் பார்த்து, ஒரு கிலோ படிக்கல்லைத் துணியால் பிடித்து ஏற்றினான். ஒன்று, புள்ளி, மூன்று பூஜ்யம். துணைக்கு வந்திருந்த மனைவியின் அக்கா வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"தம்பி, பிள்ளைக்கு எடை போடப் போறீங்களா, பொன்னுக்கா?"

"மெஷின்ல யாரும் கை வைக்காதீங்கக்கா. மட்டம் கலைஞ்சிடும்" என்றான்.

மின் இணைப்பு ஜன்னல் பக்கம் இருந்ததால் எண் தெரிகிற முகப்பு அவன் பக்கம் பார்த்தபடி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவியிடம், இந்தப் பக்கம் திருப்பி வைக்கவா என்று கேட்டான்.

"வேண்டாம். நம்பரப் பாத்தா எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. நீங்க பாத்துச் சொல்லுங்க."

முதலில் மேடம். பதினைந்து நிமிஷம் மடமடவென்று குடித்து, நாற்பத்தாறு கிராம் ஏறினாள். அடுத்து பொடிசு. அவளுக்கு ஐம்பது நிமிஷம் ஆனது. இரண்டு இழுப்பு இழுப்பாள், கண் சொருகிவிடும். காதைத் தடவி, உள்ளங்காலைச் சுண்டி எழுப்பினால் இன்னும் இரண்டு இழுப்பு. மார்புக் காம்பு வெடித்திருந்ததால் ஒவ்வொரு தடவையும் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். வலியில் அவள் கால் கட்டைவிரல் தரையில் ஊன்றி ஊன்றி எழுந்ததை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அவனால் செய்ய முடிந்தது தலையணையை நகர்த்தி வைப்பது ஒன்றுதான்.

பொடிசை மெஷினில் கிடத்தினான். எண் தடுமாறி நின்றது. கூடுதல் எட்டு.

"எவ்ளோங்க?"

அவள் முகத்தை அவன் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துத் தொலைத்தான். கண்ணுக்குக் கீழே கருத்து, நெற்றியெல்லாம் வியர்த்து, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"முப்பத்தி ரெண்டு" என்றான்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயிலிருந்து தானாக விழுந்தது. விழுந்ததைப் பொறுக்கி எடுக்க ஒரு நொடி அவகாசம் இருந்தது. ஆனால் அந்த நொடியில் அவள் சிரித்துவிட்டாள். பிரசவத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. "பாத்தியாக்கா!" என்று சமையலறைக்குக் குரல் கொடுத்தாள். அவன் அட்டவணையில் முப்பத்தி ரெண்டு என்று எழுதினான். எழுதும்போது கை நடுங்கியது என்று சொன்னால் அவனுக்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். நடுங்கவில்லை. பழகிய கை, எண்ணை அழகாகவே எழுதியது.

அடுத்த வேளை சரியாகிவிடும், அப்போது உண்மை எண்ணே முப்பதைத் தாண்டிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அடுத்த வேளை பதினொன்று. முப்பத்தி நாலு என்றான். மனசு சந்தோஷமா இருந்தால் பால் தானாகச் சுரக்கும் என்று அக்கா சொன்னதை இறுகப் பிடித்துக்கொண்டான். அதற்கேற்றாற்போல மறுநாள் காலை பதினாலு காட்டியது. அந்த மூன்று கிராமை வைத்துக்கொண்டு காலை முழுக்க மனக்கோட்டை கட்டினான். மத்தியானம் திரும்பவும் ஒன்பது.

மனைவி வயிறாரச் சாப்பிட்டாள், தலை வாரிக்கொண்டாள், அலுவலகத் தோழிக்குப் போன் போட்டுப் பேசினாள். அவன் அந்த நேரம் பார்த்துச் சமையலறைக்குப் போய் டப்பாவை இறக்கினான். யாருக்கும் தெரியாமல் ஸ்பூனால் கொடுத்துவிடலாம், அட்டவணையும் உண்மையாகிவிடும். மூடியின் ஓரத்தில் நகத்தை வைத்தான்.

"ரெட்டைக்கும் என் பால்தான்டி. பொடிசுக்கே முப்பத்தி நாலு! இவரே எடை பாத்துச் சொன்னாரு" என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தான். லேபிள் முன்பக்கம் தெரிகிற மாதிரி திருப்பியும் வைத்தான்.

பொடிசு அழவே இல்லை. மேடம் ஊரைக் கூட்டினாலும் அவள் பாட்டுக்குத் தூங்கினாள். "என்ன சமத்து, என்ன சமத்து" என்று அக்கா மாய்ந்து போனாள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவன் போய்ப் பொடிசின் உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தான். புதன்கிழமை காலை துணி மாற்றும்போது அக்காவே நெற்றியைச் சுருக்கினாள்.

"நாப்கின் காஞ்சே இருக்கே தம்பி. முப்பது முப்பதா குடிக்கிற பிள்ள எங்கதான் போகுது?"

"ராத்திரி நிறைய போயிட்டாக்கா" என்றான். ஒன்றுக்கு இரண்டாகப் பொய் குட்டி போட ஆரம்பித்திருந்தது.

அன்றைக்கு முதலாளி போன் செய்து, பேக்கரி ஒன்றில் அவசரம், ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போ என்றார். இரண்டு வேளைகளுக்கு நடுவில் ஓடினான். மாவு நிறுக்கும் மெஷினில் படிக்கல்லை வைத்தால் கிலோவுக்கு எட்டு கிராம் பிசகியது. பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்தார்.

"எட்டு கிராம்ல என்ன சார் குடி முழுகிடப் போகுது?"

"எட்டு கிராம்னா எட்டு கிராம்தான்! உனக்கு வேணும்கிறதுக்காக அது முப்பதாயிடுமா?" என்று கத்தினான். பேக்கரிக்காரர் மிரண்டுபோனார். முப்பது எங்கே வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. மெஷின் மேல் 'உபயோகிக்கக் கூடாது' என்ற சீட்டை ஒட்டிவிட்டு, கடைக்குப் பின்னால் மாவு மூட்டைகளுக்கு நடுவே போய் நின்று, நர்ஸின் எண்ணை எடுத்துப் போனில் அழுத்தினான். மணி ஒரு தடவை அடித்தது. என்னவென்று ஆரம்பிப்பது? தொடக்கத்திலிருந்தே பொய் சொன்னேன் என்றா? இன்னும் ஒரே நாள்தானே, நாளைக்கு எப்படியும் அவர்களே பார்த்துவிடுவார்கள் என்று துண்டித்துவிட்டான். அந்த ஒரு நாளைத் தாங்கவேண்டியது அவன் இல்லை என்பது அவனுக்கு உறைக்கவில்லை, அல்லது உறைக்க விடவில்லை.

வியாழக்கிழமை நர்ஸ் பொடிசைப் பார்த்ததுமே பேச்சை நிறுத்திவிட்டாள். கன்னத்தைத் தட்டினாள், வாய்க்குள் விரல் வைத்து ஈரம் பார்த்தாள். பிறகு எடை. ஒன்று புள்ளி ஏழு ஆறு இரண்டு. மூன்று நாளில் இன்னும் ஐம்பத்தெட்டு கிராம் போயிருந்தது.

அட்டவணையை மேலிருந்து கீழாகப் படித்தாள். "இதுப்படி பாத்தா ஏறியிருக்கணுமே. உங்க வீட்டு மெஷின்ல ஏதோ கோளாறு சார்."

பொறுப்பைத் தட்டிக்கழிக்க இதைவிட நல்ல வழி யாருக்குக் கிடைக்கும்? ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அவன் ஆட்டுவதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"இருக்காது சிஸ்டர். இவர் மெஷின் தப்பாகாது. ஊர்ல இருக்கற மெஷினெல்லாம் சரி பாக்குறவரு இவரு. உங்க மெஷினப் பாருங்க முதல்ல." அவன் பக்கம் திரும்பினாள். "கல்லு பையிலதானே இருக்கு? வச்சுக் காட்டுங்க."

பையில்தான் இருந்தது. எப்போதும் இருக்கும். அவன் துணியைச் சுற்றிப் படிக்கல்லை எடுத்து மருத்துவமனை மெஷினில் வைத்தான். பழக்கம்போலக் கையை எடுத்துவிட்டு, மூச்சை அடக்கிக் காத்திருந்தான்.

ஒன்று, புள்ளி, மூன்று பூஜ்யம்.

மனைவி அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவள் பார்வை இரண்டு தடவை போய் வந்தது.

"அப்போ வீட்டு மெஷின்தான்" என்றாள் நர்ஸ்.

"வீட்டு மெஷினும் சரிதான் சிஸ்டர்" என்றான் அவன். "முதல் தடவ எட்டு. அதுக்கப்புறம் பதினாலத் தாண்டவே இல்ல. நான்தான் மாத்திச் சொன்னேன்."

நர்ஸ் அட்டவணையை மேஜையில் போட்டாள். "எட்டா? அன்னைக்கே ஒரு போன் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்குமே சார்! பெரியவளுக்கு நாற்பத்தாறு வருதில்ல? அம்மாகிட்ட பாலுக்கு என்ன குறை? இவளுக்கு இழுக்கத் தெம்பு இல்ல, அவ்ளோதான். பிழிஞ்சு எடுத்து ஸ்பூன்ல கொடுத்து, பத்தாததுக்குக் கொஞ்சம் பவுடர் கொடுத்திருந்தா தெம்பு வந்து தானா குடிச்சிருப்பா. எட்டுங்கறது குழந்தையோட நம்பர். அம்மாவோட நம்பர் இல்ல."

மனைவியைக் காப்பாற்றுவதாக நினைத்து அவன் மறைத்த எண், அவளைக் குற்றம் சொல்லவே இல்லை. அதைக் குற்றமாகப் படித்தது அவன் ஒருவன்தான்.

"இப்பவே பவுடர் பால் கொடுக்கணும்மா. உங்க பால் எடுக்கற வரைக்கும் காத்திருக்க முடியாது. இன்னைக்கு இங்கயே அட்மிட் பண்ணிக்கலாம்."

"எதையாவது கொடுங்க சிஸ்டர். சீக்கிரம் கொடுங்க" என்றாள் மனைவி. ஒரு வார்த்தை மறுக்கவில்லை. திங்கட்கிழமை எட்டு என்று சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள் என்று அவனுக்கு அப்போது தெரிந்தது.

நர்ஸ் பவுடர் கலந்து, பொடிசை நிமிர்த்திப் பிடித்து, சின்ன ஸ்பூனால் உதட்டோரம் வைத்தாள். முதல் ஸ்பூன் வழிந்துவிட்டது. இரண்டாவதில் நாக்கு அசைந்தது. மூன்றாவதுக்குப் பொடிசு கண்ணைத் திறந்தாள். அரை மணி நேரம் ஆனது. அக்காவின் மடியில் மேடம்கூடச் சத்தம் போடவில்லை.

எடை பார்க்க நர்ஸ் பொடிசை மெஷினில் கிடத்தினாள். குழந்தை உருளாமல் இரண்டு பக்கமும் கையை அணையாக நீட்டியிருந்ததால் அவளால் குனிய முடியவில்லை. முகப்பு அவன் பக்கம் இருந்தது.

"சார், எவ்ளோ காட்டுது?"

ஒன்று புள்ளி ஏழு எட்டு எட்டு. அவன் இரண்டு தடவை பார்த்தான், மனசுக்குள் கழித்தான், திரும்பவும் கழித்தான்.

"இருபத்தி ஆறு" என்றான்.

மனைவி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"சிஸ்டர், நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "இருபத்தி ஆறுதான்மா."

அதற்கப்புறம்தான் அவள் அழுதாள்.