வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு முன் முடிய வேண்டிய கதை

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் பெருமை. வேறு காரணம் சொன்னால் நம்பாதீர்கள். போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் மனைவி ஜீவிதாவின் சித்தப்பா என்னைக் காட்டி, "பொண்டாட்டிக்கு டிரான்ஸ்பர் ஆச்சுன்னு மெட்ராஸ்ல வேலைய வுட்டுட்டு காஞ்சிபுரம் வந்தாரு பாரு, அவருதான் இவரு" என்றார். எதிர் வரிசையில் ஐந்தாறு பெண்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த அவர்களுடைய கணவர்கள் இலையைப் பார்த்தார்கள். இதைக் கட்டாயம் எழுதிவிட வேண்டும் என்று அங்கேயே, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் முடிவு செய்தேன்.

ஆறு மாதமாகத் தொடக்கத்திலேயே நிற்கிறேன்.

முதல் தொடக்கம்: "கோபுரங்களின் நிழலில் பட்டு நகரம் மெல்லக் கண்விழித்தது." பொய். இந்த ஊரை விடியற்காலையிலேயே ஒரகடம் கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்து எழுப்பிவிடுகின்றன.

இரண்டாவது: "அவளுக்காக அவன் எல்லாவற்றையும்"

[எல்லாவற்றையும் என்றால் என்ன? ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி. நிறுத்திவிட்டேன்.]

மூன்றாவது: "வரதராஜன் தன் வேலையை ராஜினாமா செய்த அன்று மழை பெய்தது." இதை வைத்துக்கொண்டேன். வரதராஜன் நான்தான். சொந்தப் பெயரில் தன்னைப் புகழ்ந்துகொள்ளக் கூச்சமாக இருக்கும் இல்லையா.*

* அன்று மழை பெய்யவில்லை. அந்த வாக்கியத்தில் வேறு சிலவும் நடக்கவில்லை. அதற்கு வருகிறேன்.

2

ஜீவிதா வங்கி அதிகாரி. பதினான்கு மாதத்துக்கு முன் அவளை இந்த ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் முனிசாமி இரண்டு தறி போட்டிருக்கிறார். வந்த மறுநாளே என்னைப் படிக்கட்டில் மடக்கினார்.

"சார் எந்தப் பக்கம்? தறியா, கடையா, கம்பெனியா?"

இந்த ஊரில் ஆண்பிள்ளைக்கு இருப்பது இந்த மூன்று பக்கம்தான்.

"எழுதறேங்க" என்றேன்.

"பத்திரமா?"

"இல்லீங்க, கதை."

என் தோளைத் தட்டி, "பரவால்ல வுடுங்க, மேடம் பேங்க்ல இருக்காங்கல்ல" என்று ஆறுதல் சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார்.

இதை எழுதும்போது எனக்கு உள்ளூர சந்தோஷமாக இருந்தது. தியாகி என்றால் சுற்றிலும் அவனைப் புரிந்துகொள்ளாத மனிதர்கள் வேண்டும். முனிசாமி அதற்கு வசதியாகக் கிடைத்தார். வரதராஜன் தினமும் பாத்திரம் தேய்த்தான், துணி காயப்போட்டான், மனைவிக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனான் என்றெல்லாம் அடுக்கினேன். உண்மை என்னவென்றால், நான் வாரத்தில் இரண்டு நாள் பாத்திரம் தேய்க்கிறேன், அதுவும் அவள் காதில் விழுகிற மாதிரி. முடி வெட்டிக்கொள்ள இன்னும் சென்னைக்குத்தான் போகிறேன். இந்த ஊருக்கு வந்துவிட்டதாக என் தலைக்குக்கூட நான் சொல்லவில்லை.

வரதராஜன் மேல் எனக்குச் சந்தேகம் வரத் தொடங்கியது இங்கேதான். இவ்வளவு நல்லவன் ஒருவனை நான் எங்கே பார்த்திருக்கிறேன்?

3

வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம். இங்கே வரதராஜப் பெருமாள் கோயிலில் மேலே தங்கப் பல்லி ஒன்று, வெள்ளிப் பல்லி ஒன்று உண்டு. உடம்பில் பல்லி விழுந்தவர்கள் படியேறிப் போய் அவற்றைத் தொட்டால் தோஷம் கழியும் என்பது நம்பிக்கை. போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. தொட்டவரைத் தொட்டால் போதும்.

காஞ்சிபுரத்தில் குடியிருப்பவன் தொடாமலா இருப்பான்? அப்படித்தான் உறவில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கல்யாணத்திலும் காதுகுத்திலும் யாராவது வந்து, "ஒரு தடவ கைய குடுங்க, போன வாரம் தோள்ல வுழுந்துச்சு" என்பார்கள். கொடுப்பேன். இங்கே வந்த பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது. பல்லியை நான் தொட்டதே இல்லை. கூட்டம், வெயில், பகுத்தறிவு. காரணங்கள் இதே வரிசையில்.

போன செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மாமியார் ரேணுகாம்பாள் அரக்கோணத்திலிருந்து வந்து இறங்கினார். ஜீவிதா வங்கிக்குப் போயிருந்தாள். அத்தை தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"சமையக்கட்டுல நின்னுகினு இருந்தேன் மாப்ளே. உச்சந்தலையில வுழுந்துச்சு. உசுருக்கு ஆகாதுன்றாங்க. ரெண்டு நாளா தூக்கமே இல்ல."

"கோயிலுக்குப் போலாமா அத்தை? ஆட்டோ கூப்பிடறேன்."

"முட்டி மடங்கலியேபா, அந்தப் படி எங்க ஏறுறது. நீங்கதான் தொட்டிருக்கீங்களே, அது போதும். தொட்டிருக்கீங்க இல்ல?"

"தொட்டிருக்கேன் அத்தை. ரெண்டு தடவ."

எதற்கு இரண்டு தடவை என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. பொய் சொல்லும்போது எனக்குக் கை தாராளம்.

அவர் என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "ஜீவிதாகிட்ட சொல்லாதீங்க, பயந்துக்குவா" என்றார். பிறகு காலை இட்லியில் மிச்சம் இருந்ததைக் கேட்டு வாங்கி, ஆறு இட்லி சாப்பிட்டார். பார்க்க அவமானமாக இருந்தது. என் பொய் நன்றாக வேலை செய்கிறது. எப்போதுமே அப்படித்தான்.

4

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அந்த நாக்பூர் பிரமோசன் வேணாம்னு ஜீவிதா எழுதிக் குடுத்துடறேன்னா மாப்ளே. வெள்ளிக்கிழம அஞ்சு மணியோட கெடு முடியுதாம். அந்த மனுசன் எனக்காக ஒரு தடவ வேலைய வுட்டுட்டு வந்தாரு, இன்னொரு தடவ எந்த மூஞ்சிய வெச்சுகினு வாங்கன்னு கூப்புடறதுன்னா. அதாம்மா நியாயம்னு நானும் சொல்லிட்டேன்."

நாக்பூருக்கு மாற்றலோடு வந்திருந்த இந்தப் பதவி உயர்வுக்கு ஜீவிதா எட்டு வருடமாகப் படித்துப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது மறுத்தால் மறுபடி கேட்க வருடக்கணக்காகும். என்னிடம் அவள் சொன்னது "யோசிச்சுக்கினு இருக்கேன்" என்பது மட்டும்தான்.

[வரதராஜன் கண்கள் கலங்கின என்று எழுதி அடித்துவிட்டேன்.]

எனக்கு வந்தது நிம்மதி. நாக்பூர் வெயில் இல்லை, இந்தி இல்லை, தியாகிப் பட்டமும் பத்திரம். அந்த நிம்மதி ஏறக்குறைய அரைமணி நேரம் இருந்தது. பிறகு அவள் எந்தக் காரணத்துக்காக மறுக்கிறாள் என்று மறுபடி யோசித்துப் பார்த்தேன்.

5

வரதராஜன் சென்ற வருடம் மார்ச் மாதம்

வரதராஜனுக்கு அவனுடைய நிறுவனம்

வரதராஜனை இத்தோடு அனுப்பிவிடுகிறேன். அவனை முன்னால் நிறுத்திவைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியவில்லை.

நான் வேலை பார்த்தது ஒரு விளம்பர நிறுவனத்தில், வாசகம் எழுதுபவனாக. அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது என்று சென்ற வருடம் மார்ச்சில் எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஐந்தாவது ஆள். அதை ஜீவிதாவிடம் சொல்லவில்லை. ஆறு வாரம் தினமும் ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பி, ஒரு நூலகத்தில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருந்துவிட்டு ஆறரைக்குத் திரும்பினேன். அலுவலகத்தில் நடந்ததாகச் சில கதைகளும் சொன்னேன். நான் எழுதியதிலேயே நன்றாக வந்தவை அவைதான்.

ஆறாவது வாரம் மாற்றல் உத்தரவோடு வந்தாள். "வேணாம்னு சொல்லிடட்டுமாபா? உன் வேலை இருக்குதே" என்றாள்.

"நீ போ. நான் வேலைய விட்டுட்டு வர்றேன்" என்றேன்.

என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இல்லாத வேலையை விடுவது மிகவும் சுலபம். ஒரு கடிதம்கூட எழுத வேண்டியதில்லை.

6

வியாழக்கிழமை கோயிலுக்குப் போனேன். வரிசையில் நின்று, படியேறி, பல்லியைத் தொட்டேன். மறுபடியும் தொட்டேன், இரண்டு தடவை என்று சொல்லியிருந்தேனே. பின்னால் நின்ற அம்மா, "தொட்டாச்சு இல்ல, நகுருங்க சார்" என்றார். ஆக, செவ்வாய்க்கிழமை சொன்ன பொய்யை வியாழக்கிழமை உண்மையாக்கிவிட்டேன். அது முன்தேதியிட்டுச் செல்லுமா என்பதைப் பெருமாள்தான் சொல்ல வேண்டும்.

படியிறங்கும்போது மற்ற பொய்யையும் இப்படி முடித்துவிடலாமா என்று பார்த்தேன். வழியில்லை. போன வேலையைத் திரும்ப வாங்கி, அதை அவளுக்காக இன்னொரு முறை விட வேண்டும்.

7

முடிவுகள்.

அ. கதை அடுத்த மாத இதழில் வருகிறது. ஜீவிதா அதில் உண்மையைப் படிக்கிறாள். அவள் மறுப்புக் கடிதம் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருக்கும். இலக்கியத்துக்கு நேர்மை கிடைத்தது, எனக்குக் காஞ்சிபுரம் கிடைத்தது. நேற்று வரை இதுதான் கதையின் முடிவு. கைதட்டல்கூட எதிர்பார்த்தேன்.

ஆ. ஜீவிதாவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். புன்னகையோடு என் தலையைக் கோதி, "நீயா சொல்லுவேன்னு காத்துக்கினு இருந்தேன்" என்கிறாள். இந்த முடிவைக் கணவர்கள் மட்டும்தான் எழுதுவார்கள். அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மறுக்க நினைத்திருக்கவே மாட்டாள்.

இ. ஜீவிதா நாக்பூர் போகிறாள், தனியாக. நான் மாடியில்

எழுத முடியவில்லை. பயமாக இருக்கிறது.

8

இன்று வெள்ளிக்கிழமை, மணி மூன்று இருபது. காலையில் அவள் கைப்பையில் அந்தக் கடிதத்தை மடித்து வைத்ததைப் பார்த்தேன். "இன்னாபா அப்படிப் பாக்கற?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது என்னைப் போன்றவர்களின் வழக்கம். பெரும்பாலும் சோம்பேறித்தனம். எப்படி முடிப்பது என்று தெரியாதவன் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காற்று வருகிறது பார் என்பான். இந்தத் தடவை அப்படி இல்லை. இந்தக் கதைக்கு வாசகர் ஒரே ஒருவர்தான். இதழுக்கு அனுப்பவில்லை. வாட்ஸப்பில் போகிறது.

ஜீவிதா, கவுன்டரில் ஆள் நின்றால் நிற்கட்டும். ஐந்தாவது பகுதியை மட்டுமாவது இப்போதே படி. நன்றாக எழுதியிருக்கிறேனா என்று பார்க்காதே, என்ன எழுதியிருக்கிறேன் என்று பார். பல்லி விஷயத்தை அத்தையிடம் சொல்ல வேண்டாம், அவராவது தூங்கட்டும்.

உனக்காக நான் எந்த வேலையையும் விடவில்லை. அதனால் எனக்காக நீ எதையும் விட வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து கத்து, முனிசாமிக்குக் கேட்கிற மாதிரி கத்து. நாக்பூருக்கு ஒரு டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா என்பதை மட்டும் நீயே எழுதிக்கொள்.