நாலு எப்படி அஞ்சானது

மயில்சாமி மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் காப்பி கூட இறங்காது. என் அம்மாவின் தம்பி. திருச்செங்கோட்டில் வண்டிகளுக்குக் கடன் கொடுக்கும் ஃபைனான்ஸ் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்கு ஜாதகம் பார்ப்பது ஜோசியர், கடன் வரலாறு சொல்லும் சிபில் பார்ப்பது மாமா. சித்தி மகளுக்கு வந்த இரண்டு வரன்களை அப்படித்தான் வாசலோடு திருப்பி அனுப்பினார்.

எனக்குப் பார்த்திருந்தவர் ஆட்டையாம்பட்டி நிலவன். தறிப்பட்டறை வைத்திருக்கிறார். புதுத்தறி போட பேங்கில் கடன் கேட்டிருந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவரை ரொம்பவே பிடித்திருந்தது. சிபில் பார்க்க மாமா அவரிடம் பான் கார்டு நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பெண்ணின் தாய்மாமன் கேட்டால் எந்த மாப்பிள்ளை மாட்டேன் என்பார்?

நிச்சயத்துக்கு நாள் குறிக்க உட்கார்ந்த அன்று மாமா வந்து குண்டைப் போட்டார்.

"பையன் கடன் கேட்டு நாலு எடத்துல ஏறி எறங்கியிருக்காப்லைங்க மச்சான். உள்ளாற ஏதோ ஓட்டை இருக்குது."

அப்பா நாள் குறிப்பதைத் தள்ளிப் போட்டார். நான் நிலவனுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார்.

"செவ்வாய்ப்பேட்டையில நூல் வாங்கறதுன்னாலே நாலு கடை வெல கேப்பனுங்க. வட்டியும் அப்படித்தான் கேட்டேன். கேட்ட எடத்துலயெல்லாம் கையெழுத்து வாங்கி, கடன் விண்ணப்பம்னே போட்டுட்டாங்க. ஒண்ணுலயும் வாங்கலைங்க."

நம்பினேன். அந்த நம்பிக்கை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மாமா மறுபடி வந்தார், கண்ணெல்லாம் பளபளப்பு.

"சும்மா இன்னொருக்கா போட்டுப் பாத்தேன். போன வாரம் நாலு, இப்ப அஞ்சு! நம்மகிட்டப் பேசிக்கிட்டே இன்னொரு எடத்துல கையேந்தியிருக்கான். வேண்டாஞ்சாமி, உனக்கு இந்த எடம் வேண்டாம்."

எங்கள் வீட்டில் மாமா வேண்டாம் என்றால் அதோடு சரி. எனக்குக் கோபம் பொங்கியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"அந்த அஞ்சாவது எதுங்க?" என்று நிலவனிடம் கேட்டேன்.

"நாலுதாங்க. பேங்க் மேனேஜரும் இதையேதான் கேக்கறாரு."

அவர் குரல் தடுமாறியது. பொய் சொல்கிறவருக்குத்தானே தடுமாறும் என்று நினைத்தேன். சீட்டா, சூதா, வேறு குடும்பமா என்று மனசு எங்கெங்கோ போனது. "நாளைக்கு மாமா ஆபீசுக்கு வந்து, எங்க முன்னால உங்க போன்லயே சிபிலைத் தொறந்து காட்டுங்க" என்றேன். "வாரேனுங்க" என்றார்.

மறுநாள் ஆபீசில், அவர் வருவதற்குள் மாமா என் காதில் ஓதினார். "தொறந்தா சிபில் மார்க் கொறஞ்சு போகும்னு சொல்லித் தப்பிச்சுக்குவான் பாரு."

நிலவன் வந்தார், நேராகப் போனை எடுத்தார்.

"மார்க் கொறையாதா?" என்றேன்.

"நம்மளத நாமளே பாத்தாக் கொறையாதுங்க. கடன் குடுக்கறவங்க விண்ணப்பம்னு போட்டுப் பாத்தாத்தான் பதிவாகும். அடிக்கடி பதிவானா, இவன் காசுக்கு அல்லாடறான்னு அடுத்தவங்க நெனச்சுக்குவாங்க."

போன் திரையில் விசாரித்தவர்கள் பெயர் தேதியோடு வரிசையாக வந்தது. முதல் நாலும் அவர் சொன்ன இடங்கள்தான். ஐந்தாவது இடத்தில் மாமாவின் ஃபைனான்ஸ் பெயர் இருந்தது. நோக்கம்: இரு சக்கர வாகனக் கடன். அதற்குக் கீழே ஆறாவதும் இருந்தது. அதுவும் மாமாதான்.

"நான் சும்மாதான பாத்தேன்?" என்றார் மாமா. கம்ப்யூட்டர் பார்க்கும் தெய்வநாயகியை அங்கிருந்தே சத்தம் போட்டுக் கூப்பிட்டார். "ஏம்புள்ள, எப்படிப் போட்ட?"

"கடன் கேக்கறாங்கன்னு போட்டாத்தானுங்க நமக்குத் தொறக்கும். ஸ்கூட்டர்னு போட்டேன். நீங்க மேல இருக்கற எண்ணிக்கைய மட்டும் பாத்துட்டுப் போயிட்டீங்க."

"நல்லா இருக்குது மாமா! முதல் தடவை நீங்க பாத்ததைத்தான் ரெண்டாந்தடவை அஞ்சாவதுன்னு எண்ணியிருக்கீங்க!" என்று கத்தினேன். மாமா மீசையைத் தடவிக்கொண்டு ஃபேனைப் பார்த்தார்.

நிலவன் போனைப் பையில் போட்டார். "இத்தன பதிவப் பாத்துட்டு பேங்க்ல ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க. அது கெடக்குதுங்க. நீங்களும் நம்பலையில்ல?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "நம்பலைங்க. தப்புதான்" என்றேன். அவர் எழுந்து போகவில்லை.

அந்தத் தைரியத்தில் மாமா பக்கம் திரும்பினேன். "தறிக்கடனை நீங்க குடுக்கறீங்க மாமா. பேங்க் வட்டிக்குத்தான். இல்லைன்னா என் கல்யாணத்துல தாய்மாமன் சீரும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்."

மாமா ஆடிப்போய்விட்டார். "சரி சாமி, குடுக்கறேன், குடுக்கறேன்" என்றவர், பழக்கதோஷத்தில் திரும்பிக் குரல் கொடுத்தார்: "தெய்வநாயகி, எதுக்கும் இன்னொருக்கா அந்த சிபிலை..."

நான் போய்க் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினேன்.