உறுதி செய்யாத நாற்காலி

ஆபீஸில் அவளுக்குப் பட்டாசு என்று பட்டப்பேர். அன்று காலை அக்காவின் போன் வந்ததும் நிஜமாகவே வெடித்தாள்.

"டயாலிசிஸுக்கு இடத்தை உறுதி பண்ணச் சொல்லி மெசேஜ் வந்துச்சுடி. லிங்கை அழுத்தினேன், லாகின் கேட்டுச்சு, போட்டேன். 'நல்வரவு'ன்னு காட்டுச்சு. முடிஞ்சுதுன்னு விட்டுட்டேன். இங்க வந்தா மாமாவோட நாற்காலியை வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. அவருக்கு மூச்சு வாங்குதுடி."

அந்த ஆஸ்பத்திரியின் இணையப் பக்கங்களைச் செய்தவளே அவள்தான். பின்னாலிருந்து அவற்றை இயக்கும் சர்வர் வேறொருவர் பொறுப்பு. லாகின் காலாவதியாகியிருந்தால், "இவர் யாரென்று தெரியவில்லை" என்று சர்வர் பதில் சொன்னால் போதும். வந்தவர் எந்தப் பக்கத்தைத் தேடி வந்தார் என்று அவள் நினைவில் வைத்து, லாகின் முடிந்ததும் அங்கேயே கொண்டுபோய் விடுவாள். ஆனால் சர்வரோ வந்தவரைத் தானே லாகினுக்குத் தள்ளி, பிறகு முகப்புப் பக்கத்தில் இறக்கிவிட்டுக் கைகழுவியது; உறுதி செய்யும் பக்கம் கண்ணில் படவே படாது. மாற்றச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியாகிவிட்டது.

"அது உங்க பக்கத்துப் பிரச்சினை" என்றார் சர்வர்காரர் இன்றைக்கும், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஜனங்களும் படிச்சுப் பார்த்து அழுத்தணும்மா" என்றார் மேனேஜர்.

"நீங்க படிச்சவர்தானே சார்? இதை உறுதி பண்ணுங்க." சோதனை மெசேஜ் ஒன்றை அவர் போனுக்கு அனுப்பினாள்.

அழுத்தினார். லாகின் போட்டார். "நல்வரவு" வந்தது. "ஆச்சே!" என்று போனை நீட்டினார்.

"என்ன ஆச்சு? உங்க இடம் போச்சு சார். எங்க மாமாவுக்குப் போன மாதிரியே."

இப்போதுதான் சர்வர்காரர் தலையைத் தூக்கினார். மதியத்துக்குள் சர்வரும் அவளுடைய பக்கங்களும் சரியாகிவிட்டன. இதற்குத்தானா இத்தனை இழுத்தடிப்பு என்று அவளுக்கு வயிறு எரிந்தது. மேனேஜர் எழுதிய அறிவிப்பு அதில் எண்ணெய் வார்த்தது: "தளம் மெருகேற்றப்பட்டுள்ளது."

"மெருகா? தப்புன்னு எழுதுங்க சார்!"

அவர் எழுதவில்லை. அவளே டயாலிசிஸ் பிரிவு நர்சைக் கூப்பிட்டாள்.

"உங்க மாமாவைச் சாயங்காலத்துக்கு ஏத்துக்கிட்டோம்மா, கவலைப்படாதீங்க" என்றார் நர்ஸ்.

"நன்றி சிஸ்டர். தப்பு எங்க சைட்டோடது, ஜனங்க லிங்கை அழுத்தியும் பதிவாகலை. உறுதி பண்ணலைன்னு காட்டினா, ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு அப்புறம் இடத்தை வேற ஆளுக்குக் குடுங்க."

நர்ஸின் குரல் தாழ்ந்தது. "எத்தனை பேரு 'நான் பண்ணினேன், பண்ணினேன்'னு அழுதாங்க தெரியுமா? பொய் சொல்றாங்கன்னு நான்தாம்மா திட்டி அனுப்பினேன்."