இரண்டு விரல் வணக்கம்

என் அம்மாவை இடித்தவர் ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கோபத்தில் பாதி அதனால் வந்ததுதான். ஒரு லாரிக்காரர் இடித்திருந்தால் இவ்வளவு கொதித்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

அம்மாவின் பெயர் ஹைட்ருன். ஐஃபல் மலையடிவாரத்தில் இருக்கும் காகித ஆலையின் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். அகன்ற தோள், அதற்கேற்ற குரல். அவள் சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். அப்பா எங்களை விட்டுப் போன வருடம் அவர் ஆசையாக வாங்கிய தோல் சோபா, கண்ணாடி அலமாரி, பெரிய டிவி எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒரு பழைய பைக் வாங்கி வந்தாள். அப்போது எனக்குப் பதினொரு வயது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போனோம்.

அந்த மலைச் சாலைகளில் பைக் ஓட்டுகிறவர்கள் எதிரே வரும் பைக்காரருக்கு வணக்கம் வைக்காமல் போக மாட்டார்கள். இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துக் கீழே இறக்கி இரண்டு விரலை நீட்டுவார்கள். ஆள் யார், என்ன வேலை, எந்த ஊர் என்று எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் வலது கைக்கு. அதனால் வணக்கம் இடது கைக்கு. பின்னால் உட்கார்ந்திருந்த நான் சின்ன வயதில் அதைப் பார்த்துப் பிரமித்திருக்கிறேன். எங்கள் தெருவில் அம்மாவைக் கண்டால் வழி மாறிப் போகிறவர்கள் இருந்தார்கள். மலையிலோ முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவளுக்கு மரியாதை செய்தார்கள்.

மே மாதம், அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய்கறியின் காலம். இங்கே வண்டிகள் வலது பக்கம் போகும்; எதிர்ப் பக்கமான இடது ஓரத்தில் பண்ணைக்காரர்கள் மரக் கொட்டகை போட்டு வெள்ளை அஸ்பாரகஸ் விற்கிறார்கள். அம்மா காலை ஷிப்ட் முடித்து வந்துகொண்டிருந்தாள். எதிரே ஒரு பைக் வந்தது. அவன் விரல் நீட்டினான், இவளும் நீட்டினாள், அவன் கடந்து போனான். அடுத்த நொடி கொட்டகை வாசலிலிருந்து வெள்ளி நிறக் கார் ஒன்று குறுக்கே வந்து இவள் பாதையில் ஏறியது. அம்மா கையைத் திரும்ப வைத்து, பிரேக் பிடித்து, பாதி நின்றும்விட்டாள். மீதிப் பாதிக்குத்தான் இடம் இல்லை.

இடது தோள்பட்டை எலும்பு உடைந்தது. அவள் சாலையில் கிடந்தபோது முகத்துக்கு நேராக அஸ்பாரகஸ் தண்டுகள் உருண்டு வந்ததாம். காரின் பக்கத்துக் கண்ணாடி நொறுங்கி, சீட்டில் வைத்திருந்த கூடை கவிழ்ந்துவிட்டது. "செத்துட்டேன்னு நினைச்சேன்டி. சொர்க்கத்துலயும் இதைத்தான் திங்கக் கொடுப்பாங்க போலன்னு கவலையாயிடுச்சு," என்றாள் ஆஸ்பத்திரியில்.

காரிலிருந்து இறங்கிய முதல்வர் டாக்டர் ஹாகன்பெர்க், படித்து வாங்கிய பட்டத்தோடு அப்படித்தான் அழைக்கப்பட விரும்புகிறார், போலீஸ்காரரிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "நான் அவங்களைப் பார்க்கவே இல்லை." எதிரே வந்த பைக் போனதும் சாலை காலி என்று நினைத்து எடுத்துவிட்டாராம். கொட்டகையில் விற்ற பெண் அதைக் காதால் கேட்டாள், போலீஸ் எழுதிக்கொண்டது. எதிரே வந்த பைக்காரன் வளைவு தாண்டிப் போய்விட்டிருந்தான். நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது.

மறுநாள் காலையே அவருடைய காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன். ப்ரோக்மான் என்று ஒருவர். குரலில் தேன்.

"நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க மேடம். எங்க மதிப்பீட்டாளர் வந்து பைக்கைப் பார்த்துடுவார். வொர்க் ஷாப்பும் நாங்களே பார்த்துத் தர்றோம். நீங்க சரின்னு மட்டும் சொன்னா போதும்."

"ரொம்ப நல்லவங்களா இருக்கீங்க சார்," என்றாள் அம்மா. "அதான் பயமா இருக்கு."

சரி என்று சொல்லவில்லை. இங்கே அடிபட்டவர் தனக்கு வேண்டிய மதிப்பீட்டாளரைத் தானே வைத்துக்கொள்ளலாம், அதன் செலவு இடித்தவர் பக்கம். ஆனால் வலியில் கிடக்கிறவரிடம் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். தேனைத்தான் ஊற்றுவார்கள். அம்மா தன் ஆளை வரச் சொன்னாள். கிழிந்த ஜாக்கெட்டையும் உரசிய ஹெல்மெட்டையும் துவைக்காமல் துடைக்காமல், ஆதாரத்துக்காக, ஒரு மூட்டையாகக் கட்டி வைக்க எனக்கு உத்தரவு. நான் ஹெல்மெட்டில் இருந்த மண்ணைத் துடைக்கப் போனேன். கட்டிலிலிருந்து ஒரு அதட்டல் போட்டாள், நர்ஸ் ஓடி வந்துவிட்டாள்.

அதற்கு மேல் ப்ரோக்மான் குரலில் தேன் இல்லை. மூன்று வாரம் கழித்து, அம்மா வீட்டுக்கு வந்த பிறகு, மறுபடியும் கூப்பிட்டார். டாக்டர் ஹாகன்பெர்க் விபத்தை இன்னும் விரிவாக விளக்கியிருக்கிறார், அதில் உங்கள் பக்கமும் கொஞ்சம் தவறு தெரிகிறது, நாளை காலை விவரமாகப் பேசலாம் என்றார்.

அம்மா போனை வைத்துவிட்டு ஒற்றைக் கையால் உருளைக்கிழங்கைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"கையாத்தான் இருக்கும்," என்றாள்.

"எந்தக் கை?"

அப்போதுதான் அந்த வணக்கத்தைப் பற்றி எனக்குச் சொன்னாள்.

நான் கொலோன் பல்கலைக்கழகத்தில் படித்தவள். எங்கள் குடும்பத்தில் அந்தப் படியை மிதித்த முதல் ஆள். இங்கே நாலாம் வகுப்பு முடிந்ததுமே யார் பல்கலைக்கழகம் வரை போகிற பள்ளிக்குப் போவது என்று பிரித்துவிடுவார்கள். அப்போது ஹாகன்பெர்க் மாதிரியே கழுத்தில் பட்டுத் துணி சுற்றிய ஒரு தலைமை ஆசிரியர் அம்மாவைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்குப் பெரிய படிப்பெல்லாம் பாரமா இருக்கும், வீட்டுச் சூழ்நிலையும் இருக்கே," என்றார். என் மதிப்பெண்ணில் குறை இல்லை. வீட்டுச் சூழ்நிலை என்பது அம்மாதான். யார் என்ன செய்தாலும் குற்றத்தில் அவளுக்கு ஒரு பங்கு போடுவார்கள். அப்பா போனதற்கும் அவள் வாய்தான் காரணம் என்றார்கள். இப்போது நேர்ப் பாதையில் போனவளை இடித்துத் தள்ளிவிட்டு, அதிலும் ஒரு பங்கு. பணம் கிடைக்கும், குறைந்து கிடைக்கும், அதுவல்ல விஷயம். அந்தப் பங்கை இந்தத் தடவை அவள் தலையில் ஏற்ற விடக்கூடாது என்று எனக்கு வெறியே இருந்தது.

"கை எடுக்கலேன்னு சொல்லிடு," என்றேன்.

"எடுத்தேனே."

"யாரு பார்த்தா? அந்த பைக்காரன் ஒருத்தன். அவன் யாருன்னே தெரியாது. நீ இல்லேன்னா இல்லதான்."

"அவன் எனக்கு வணக்கம் வச்சான்டி. நான் திருப்பி வச்சேன். வைக்கலேன்னு சொன்னா, மதிக்காம போனேன்னு ஆயிடும்ல?"

"அவனுக்குத் தெரியவே போறதில்லம்மா."

"எனக்குத் தெரியும்ல."

"மதிக்கிறதாம். தோள்ல இரும்பு வச்சிருக்காங்க, இவளுக்கு ரோட்டுல போறவன் மதிப்பு. அந்தாளு பொய் சொல்றான், நீ மட்டும் ஏன் அரிச்சந்திரி வேஷம் கட்டற?"

"கத்தாத. நாய் குரைக்குது பாரு."

"அது உன் குரலுக்குத்தான் குரைக்கும்."

"இப்ப உன் குரலும் அப்படி ஆயிடுச்சு," என்றாள். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

ப்ரோக்மான் நேராக விஷயத்துக்கு வந்தார். "எங்க வாடிக்கையாளர் சொல்றபடி, மோதறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நீங்க ஒரு கையைத் தொங்கவிட்டுக்கிட்டு ஓட்டினீங்க. யாருக்கோ சைகை காட்டின மாதிரி இருந்ததாம். ரெண்டு கையும் ஹாண்டில்ல இருந்திருந்தா வண்டியைத் திருப்பித் தப்பிச்சிருக்கலாம்னு எங்க கருத்து. அதனால முப்பது சதவீதம் உங்க பொறுப்புன்னு வைக்கிறோம். கை விஷயம் உண்மைதானா மேடம்?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை, இல்லை என்று உதட்டை மட்டும் அசைத்தேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"உண்மைதான். இடது கை. கீழ இறக்கி, ரெண்டு விரல்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன். ப்ரோக்மானும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், பழைய தேன் திரும்பி வந்தது.

"நேர்மையா சொன்னதுக்கு நன்றி மேடம். அப்ப நாம இதை..."

"இருங்க சார்." அம்மா போன் பக்கம் குனிந்தாள். "விரலையும் பார்த்தாரா?"

"யாரு?"

"உங்க டாக்டர். சைகை காட்டின மாதிரின்னு சொல்றாரே. அப்ப விரல் வரைக்கும் தெரிஞ்சிருக்கு."

"அவர் அப்படித்தான் சொல்றார்."

"மோதறதுக்கு முன்னாடி."

"ஆமா, மோதறதுக்கு முன்னாடி."

"நான் இதைப் போலீஸ்கிட்ட சொல்லல. உங்ககிட்டயும் இப்பதான் சொல்றேன். என் பொண்ணுகிட்டயே நேத்துதான் சொன்னேன். அப்ப இது அவர் கண்ணால பார்த்ததுதானே? ரோட்டுல போலீஸ்கிட்ட அவர் என்ன சொன்னார்னு எடுத்துப் பாருங்க. என்னைப் பார்க்கவே இல்லைன்னார். என் ரெண்டு விரலைப் பார்த்தவர் மீதியையும் பார்த்திருப்பார்ல சார்? நான் ஒண்ணும் சின்ன ஆளு இல்ல."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"நான் வர்றதைப் பார்த்துட்டுத்தான் வண்டியை எடுத்திருக்கார்," என்றாள் அம்மா, இப்போது கொஞ்சம் மெதுவாக. "நான் கையை இறக்கினது தனக்குத்தான், போங்கன்னு வழி விடறேன்னு நினைச்சாரோ, இல்ல, பைக்தானே, நின்னுக்கும்னு நினைச்சாரோ, அது எனக்குத் தெரியாது. அதை நீங்க அவர்கிட்டதான் கேக்கணும்."

ப்ரோக்மான் தொண்டையைச் செருமினார். "கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்."

"நிதானமா கேளுங்க. நான் எங்கயும் ஓட மாட்டேன், ஓடவும் முடியாது."

போனை அணைத்தாள். கையே எடுக்கவில்லை என்று அவள் சொல்லியிருந்தால், அவர் பார்த்தார் என்பதற்கு இருந்த ஒரே ஆதாரத்தை நாங்களே அழித்திருப்போம். என் யோசனைப்படி நடந்திருந்தால் இரண்டு பேரும் பொய்யர்கள், அவர் கொஞ்சம் மரியாதையான பொய்யர். யார் ஜெயித்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"இதை நேத்தே யோசிச்சு வச்சிருந்தியா? என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல," என்றேன்.

"எங்க யோசிச்சேன்? அவர் சைகைன்னு சொன்னாரே, அப்பதான் பொறி தட்டிச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி என்ன? உண்மையைச் சொல்லிட்டு, அவங்க போடற பங்கை ஏத்துக்கலாம்னு இருந்தேன்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காபி போட எழுந்து போனாள். வாழ்க்கை முழுக்க ஊர் அவள்மேல் தள்ளிவிட்ட பங்குகளை நான் கணக்கு வைத்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறேன். அவளோ, யாரென்றே தெரியாத ஒருவனுக்கு வைத்த வணக்கத்தை இல்லை என்று சொல்லாமலிருக்க இன்னொரு பங்கையும் தூக்கிக்கொள்ளத் தயாராக இருந்திருக்கிறாள். படித்த நாலு வருடத்தில் நிறையப் பேரைப் பார்த்து மலைத்திருக்கிறேன், அவர்கள் பேச்சை, புத்தக அலமாரியை. அன்றைக்குக் காபிப் பொடியைத் தரையெல்லாம் சிந்திக்கொண்டிருந்த அந்த முதுகைப் பார்த்து மலைத்த மாதிரி இல்லை.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. முழுப் பொறுப்பும் தங்கள் வாடிக்கையாளருடையது. மன்னிப்பு எதுவும் இல்லை, அது அந்த நிறுவனத்தின் வழக்கம் இல்லை போலும். ஹாகன்பெர்க் தனியாக ஒரு பூங்கொத்து அனுப்பினார். அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

"நாய்க்கா?" என்று கேட்டேன்.

"நாய் என்ன பாவம் பண்ணிச்சு? அந்த வீட்டம்மாவுக்கு."

இலையுதிர் காலத்தில் ஆஸ்பத்திரி டாக்டர் சரி என்ற பிறகு பைக்கை வெளியே எடுத்தாள். என்னைப் பின்னால் ஏறச் சொன்னாள். எங்கே போகிறோம் என்று பாதி வழியில்தான் புரிந்தது. அந்தக் கொட்டகைக்குத்தான். இப்போது அங்கே பூசணிக்காய் விற்கிறார்கள். இருப்பதிலேயே பெரியதாக ஒன்றைப் பொறுக்கி என் மடியில் வைத்தாள். அவள் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

கொட்டகை வாசலில் பைக்கை நிறுத்தினாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். திரும்பவும் இடது, திரும்பவும் வலது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.

"காலியா இருக்கும்மா. போ."

"நீயும் வலது பக்கம் பாரு."

பார்த்தேன். யாருமில்லை. அப்புறம்தான் வண்டியை எடுத்தாள். முதல் வளைவிலேயே எதிரே ஒரு பைக். அம்மாவின் இடது தோள் லேசாக இறுகியதைப் பூசணிக்காய் வழியாக உணர்ந்தேன். கை மெதுவாக, கொஞ்சம் கோணலாக, கீழே இறங்கியது. இரண்டு விரல்.

என் இரண்டு கையும் பூசணிக்காயில் இருந்தன. எதிரே வந்தவருக்கு நான் தலையை மட்டும் ஆட்டினேன்.