லிஃப்ட் மெக்கானிக்கின் மதியச் சாப்பாடு

கல்லூரி கேன்டீனில் ஊருக்கே சமைத்துப் போடுகிறவனுக்கு, கட்டிய மனைவியை மட்டும் சாப்பிட வைக்க முடியவில்லை. இதைவிட மானக்கேடு ஒரு சமையல்காரனுக்கு உண்டா? அங்கே படிக்கிற பிள்ளைகள் தட்டை வழித்துவிட்டு இன்னொரு கரண்டிக்கு அடித்துக்கொள்வார்கள். வீட்டிலோ அவள் நாலு வாய் கொறித்துவிட்டு, "போதுங்க" என்று எழுந்துவிடுவாள்.

அவள் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, இருட்டில் கம்பி வடத்தைச் சரிபார்க்கிற வேலை. போன வருஷம் அப்படி நிற்கும்போதே மயங்கிச் சாய்ந்தாள். இடுப்பில் கட்டியிருந்த கயிறு காப்பாற்றியது. கம்பெனி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: எடையும் ரத்தமும் ஏறினால் மறுபடி மேலே போகலாம், இல்லாவிட்டால் காலத்துக்கும் ஆபீஸில் உட்கார்ந்து புகார் போன் எடுக்க வேண்டியதுதான். அவளைப் போய் உட்காரச் சொல்வதா? அந்த வேலை அவளுக்கு உயிர்.

அதன் பிறகு கீழ்த்தள வயரிங் வேலை என்று கம்பெனி அவளைப் பெரிய நகரத்துக்குத் தனியாக அனுப்பியது. டாக்டர் இருப்பதும் அங்கேதான். அவள் போனதிலிருந்து இவன் போனும் கையுமாகவே இருந்தான். மதியம் போன் போட்டால் எடுக்கவே மாட்டாள். சாயங்காலம் கேட்டால், "சாப்பிட்டேன்" என்று ஒரே வார்த்தை. அந்த வார்த்தையின் யோக்கியதை இவனுக்குத் தெரியாதா?

டாக்டர் அவளை மறுபடி பார்க்கிற பரிசோதனை நாள் வந்ததும் இவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெரிய பையில் சாப்பாடு கட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டான். ஒரு வேளைச் சாப்பாட்டில் ரத்தம் ஊறிவிடுமா என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை.

அவள் வேலை பார்க்கிற கட்டடத்து வாசலில் போய் இறங்கினால், அவள் அப்போதுதான் வெளியே வந்து விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டான். திருட்டுத்தனமாகப் பின்னாலேயே போனான்.

கண்ணைப் பறிக்கிற போர்டு வைத்த கடைகள் எதையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையின் பின்சந்துக்குள் நுழைந்து, அங்கிருந்த குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தாள். இவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளோ திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, முன்வாசல் வழியாக உள்ளே போனாள்.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தான். கையைத் தேய்த்துக் கழுவினாள். வந்த சூப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடாக்கித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். வீட்டில் ஆறிப்போனதைக் கொடுத்தாலும் வாய் திறக்காதவள்! அப்புறம் சோறு, கீரை, பருப்பு, ஒரு முழு மீன். முதலில் கீரையைக் காலி செய்தாள். மீனை முள்ளில் துளி சதை ஒட்டாமல் பிரித்தாள். அவசரமே இல்லை. கடைக்காரம்மாவைக் கூப்பிட்டு இன்னொரு கிண்ணம் கீரை வாங்கிக்கொண்டாள். ஒரு பிடி பிடிக்கிறாள் என்பார்களே, அதுதான். எத்தனையோ பேர் சாப்பிடுவதைப் பார்த்தவன் அவன். இவ்வளவு அழகாகச் சாப்பிட்டு யாரையும் பார்த்ததில்லை. வாயில் ஈ புகுந்தாலும் தெரியாமல் நின்றான்.

சும்மா இருந்திருக்கலாம். போனை எடுத்து அவள் நம்பரைப் போட்டான். அவள் திரையைப் பார்த்தாள், சத்தத்தை அமுக்கினாள், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த வாய் எடுத்தாள்.

அது சுருக்கென்று தைத்தது. உள்ளே போய் எதிரில் நின்றான்.

"ஐயோ, நீங்களா! எப்ப வந்தீங்க?"

"நீ போனைக் கவுத்து வச்சப்பவே வந்துட்டேன்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெதுவாகச் சிரித்தாள். "உக்காருங்க. சாப்பிடுறப்ப போன் எடுத்தா என்ன கேப்பீங்க? என்ன சாப்பிட்ட, எவ்வளவு சாப்பிட்ட, ஏன் இவ்வளவுதான்னு."

"அக்கறைல கேக்கிறது தப்பா?"

"தப்பில்லங்க. ஆனா வீட்டுல ஒவ்வொரு வாய்க்கும் என் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பீங்க. சாப்பாடு நல்லா இல்லன்னு நான் நினைச்சிருவேனோன்னு உங்களுக்குப் பயம். உங்க மனசு நோகுமோன்னு எனக்குப் பயம். அதுல எங்க பசிக்கும்? உங்க சமையல்ல ஒரு குறையும் இல்ல. இங்க என்னை யாரும் பாக்கல, அதான் பசிக்குது."

அவன் பையைக் கீழே வைத்தான். "அது சரி, குப்பைத் தொட்டியில என்ன தேடின?" என்றான்.

"அதையும் பாத்துட்டீங்களா? காய்த்தோலும் கீரைக்காம்பும் கிடந்தா, உள்ள நிஜமாவே சமைக்கிறாங்கன்னு அர்த்தம். வெறும் பாக்கெட்டா கிடந்தா, சுடவச்சுக் குடுக்கிறாங்கன்னு அர்த்தம். வந்த புதுசுல இந்தத் தெரு முழுக்கப் பாத்துட்டுத்தான் இங்க வந்தேன். இப்பவும் உள்ள நுழையுறதுக்கு முன்னாடி ஒரு தடவை எட்டிப் பாத்துக்குவேன்."

அடேயப்பா என்றிருந்தது அவனுக்கு. புது ஊரில், தன்னந்தனியாக, யாரையும் கேட்காமல் தன் வயிற்றுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறாள். பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, எதிரில் உட்காராமல் அவள் பக்கத்தில் போய்த் தெருவைப் பார்த்து உட்கார்ந்தான். அவள் அவனுக்கும் ஒரு சாப்பாடு சொன்னாள். இருவரும் சாப்பிட்டார்கள். அவள் தட்டுப் பக்கம் திரும்பாமல் இருக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

பரிசோதனை முடிந்து டாக்டர் கூப்பிட்டபோது இருவரும் கையைப் பிசைந்துகொண்டு உள்ளே போனார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார், பழையதோடு வைத்துப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"எடை, ரத்தம் ரெண்டுமே நல்லா இருக்கும்மா. இனிமே தாராளமா மேல ஏறலாம்." அவன் பக்கம் திரும்பினார். "நீங்க கேன்டீன் நடத்துறீங்களாமே? அதான் பார்த்தேன். நல்லாக் கவனிச்சிருக்கீங்க. பாராட்டணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவன் ஏங்கிக் கிடந்தது இந்த ஒரு பேச்சுக்குத்தான். தலையை ஆட்டி வாங்கிக்கொண்டிருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை, அவளே அந்தப் பெயரை அவனுக்கு விட்டுக்கொடுத்திருப்பாள்.

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க டாக்டர்" என்றான். "இவளா தேடி, இவளா சாப்பிட்டுத் தேறினா. நான் பக்கத்துல இல்லாததுதான் நல்லதாப் போச்சு."

சொல்லும்போது அவளை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது. அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அடுத்தவர் முன்னால் அவள் அப்படிச் செய்ததே இல்லை.