முக்கால் கப் காப்பி

அப்பாவின் கை நடுங்குகிறது என்பதை எங்கள் வீட்டில் கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான். வீட்டில் இருப்பதே மூன்று பேர். அதையும் கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவர் குடிக்கும் காப்பியின் ஆவியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நாலு மாதமாக அந்த ஆவியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவளுக்கு, அதற்கு இரண்டு அங்குலம் கீழே இருந்த கை தெரியவில்லை.

அப்பா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவர். முப்பது வருடமாக ஊசிதான் அவர் வேலை. பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தாலும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்கள் அப்பாவின் வரிசையில்தான் நிற்பார்கள். "எப்ப குத்துவீங்க?" என்று குழந்தை கேட்கும்போது அவர் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பார்.

நான் மருந்து அட்டைப்பெட்டிகளுக்குப் படம் போடும் வேலையைப் பத்து வருடம் பார்த்தேன். முப்பத்துநாலு வயதில் அதை விட்டுவிட்டு, வீடியோ கேமுக்கு நெருப்பும் புகையும் தண்ணீரும் செய்யக் கற்றுக்கொள்ளப் போனேன். "பத்த வைக்காமலே நெருப்பா?" என்றாள் அம்மா. கிட்டத்தட்ட அதுதான். ஆவி எங்கே கிளம்புகிறது, எவ்வளவு சூடு, எந்த வேகத்தில் மேலே போகிறது, எங்கே ஆறிக் கரைகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டால் போதும். அது கணக்குப் போட்டு ஒவ்வொரு படமாகத் தள்ளும். அவற்றில் அறுபத்துநாலைப் பொறுக்கி ஒரே தாளில் அடுக்கிக் கொடுத்தால், கேம் அதையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொள்ளும். சொல்வது சுலபம். நான் முதலில் செய்த ஆவி, கப்பிலிருந்து பஞ்சுமிட்டாய் கிளம்பியதுபோல் இருந்தது.

எங்கள் டீச்சர் என்னைவிட எட்டு வயது சின்னவர். "நிஜத்தப் பாருங்கக்கா. படம் எடுத்து வச்சுக்கிட்டே இருங்க" என்றார். வகுப்பின் கடைசி வேலை இதுதான்: பனிமலைச் சாவடியில் ஒரு வயதான காவலாளி சூடாக எதையோ குடிக்கிறார், பத்து நொடி. அந்த ஆவி சரியாக வந்தால் டீச்சரின் கம்பெனியிலேயே எனக்கு வேலை.

அப்பா தினமும் காலை ஆறரைக்கு ஒரே நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். என்னிடம் வசமாக மாட்டினார். பின்னால் கருப்பு இருந்தால்தான் ஆவி தெரியும் என்பதால் அவருடைய கருப்பு ஸ்வெட்டரை மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து போனில் வீடியோப் படம் எடுப்பேன். முதலில் வாரம் ஒரு நாள், பிறகு தினமும்.

போகப்போகப் படத்தில் ஒரு கோளாறு. ஆவி ஒழுங்காக மேலே போகாமல், அடியிலேயே சின்னச் சின்னதாக உதறிக்கொண்டு போனது.

"காத்தும்மா" என்றார் அப்பா.

ஃபேனை அணைத்தேன். மறுநாளும் உதறல். ஜன்னலைச் சாத்தினேன். அப்போதும் உதறல். கதவிடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டிச் செருகினேன். அந்த அடைத்த அறையில், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, நெற்றியிலிருந்து கழுத்துவரை வேர்வை வழிய உட்கார்ந்திருந்தார் மனிதர்.

"இன்னும் எங்கேருந்துப்பா காத்து வருது?"

"எங்கேருந்தோ வருதும்மா. நீ எடு."

அம்மாவிடமும் ஒரு நாள் எரிந்து விழுந்தேன். அவள் கொஞ்ச நாளாகவே அப்பாவுக்கு முக்கால் கப்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள். "நிறைய ஊத்தினாத்தானே ஆவி வரும்? காப்பியில என்ன கஞ்சத்தனம்?"

"அவருக்கு முக்கால் போதும்" என்றாள். என் மரமண்டைக்கு அதுவும் உறைக்கவில்லை.

டீச்சர்தான் கண்டுபிடித்தார். படத்தைப் பாதியில் நிறுத்தி, "காத்து இல்லக்கா, கப்பு ஆடுது. விளிம்பப் பாருங்க" என்றார். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு படமாக நகர்த்தி விளிம்பில் புள்ளி வைத்தேன். நொடிக்கு ஆறு தடவை ஆடியது. அதே ஆட்டத்தைக் காவலாளியின் கப்புக்குக் கொடுத்தேன். ஆவிக்கு உயிர் வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதே சந்தோஷத்தில்தான், ஒத்துப்பார்க்க இன்னும் நல்ல படம் இருக்கிறதா என்று இதுவரை எடுத்த முப்பத்தொன்றையும் தேதிவாரியாக வரிசையில் வைத்து ஓடவிட்டேன். முதல் படத்தில் விளிம்பு அசையவில்லை. பத்தாவதில் லேசாக. இருபதில் நன்றாகவே. கடைசிப் படத்தில் காப்பியின் மேலேயே வளையம் வளையமாக அலை அடித்தது. அப்போதுதான், கப் தானாக ஆடாது என்பது எனக்குத் தோன்றியது. எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். கழுவியும் பிரயோஜனமில்லை, அழுகை நிற்கவில்லை.

மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டேன். அப்பா ஸ்வெட்டரும் கையுமாக வந்து நின்றார்.

"என்னம்மா, காத்து வருமே."

"காத்து இல்லப்பா."

அப்பா ஸ்வெட்டரை நாற்காலியின் முதுகில் போட்டார். பிறகு உட்கார்ந்து, கப்பை மேஜையில் வைத்துவிட்டு வலது கையை என் முன்னால் நீட்டினார். மறைக்கவில்லை. விரல்கள் அதுபாட்டுக்கு ஆடின.

"லேப்ல தெரியுமா?"

"தெரியும். ஒரு குழந்தைக்கு ரெண்டு தடவ தப்பா குத்திட்டேன். அது அழக்கூட இல்ல, என் முகத்தையே பார்த்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. நானே எழுந்துட்டேன். ரெண்டு மாசமா டோக்கன்தான் கொடுக்கிறேன்."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டினா, இனிமே ஊசியத் தொடாதேன்னு சொல்லிடுவாரு. சொல்லாதவரைக்கும் நான் ஊசிக்காரன்தானே?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்மேல் இல்லை, என்மேல். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கைக்குள்ளும் அது ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"நீ செஞ்சதக் காட்டு, பார்ப்போம்" என்றார்.

காட்டினேன். முந்தின நாளே ஆட்டத்தை நீக்கிவிட்டிருந்தேன்; அப்பாவின் நோயை வைத்து நான் பாஸாக வேண்டாம் என்று. காவலாளியின் கப்பிலிருந்து ஆவி நேராக, ஒழுக்கமாக மேலே போனது.

"இது என்னோட காப்பி இல்லையே" என்றார் அப்பா. "அந்த ஆளும் பாவம், வயசானவன், பனியில நிக்கிறான். அவன் கையும் நடுங்கத்தான் செய்யும். நடுக்கத்தத் திரும்பப் போடு."

"போடுறேன். நீங்க டாக்டர்கிட்ட வாங்க."

அடுக்களையிலிருந்து அம்மா, "இதத்தான் நானும் மூணு மாசமாச் சொல்றேன். எனக்கு கேம் செய்யத் தெரியாது பாரு" என்றாள்.

நடுக்கத்தோடு அனுப்பினேன். அடுத்த மாதம் முதல் தேதி வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அப்பாவும் டாக்டரிடம் வரச் சம்மதித்தார். ஆனால் அவருடைய ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்றார். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நரம்பு டாக்டர் கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், காகிதத்தில் சுழி போடச் சொன்னார். "எவ்ளோ நாளா இருக்கு?"

"ஒரு மாசம் இருக்கும்" என்றார் அப்பா, கூசாமல்.

நான் போனை எடுத்து மேஜைமேல் வைத்தேன். டாக்டர் முப்பத்தொரு படத்தையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். இவ்வளவு சரியாகத் தேதிவாரியாக யாரும் கொண்டுவந்ததில்லை என்றார். பயப்படும்படி தெரியவில்லை, சில டெஸ்டுகள் எடுக்கலாம், மாத்திரையில் நிறையவே குறையும் என்றார். ஊசி போடலாமா என்று அப்பா கேட்டார். அதற்கு மட்டும், "பார்க்கலாம்" என்றார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் கடைசிப் படத்தை மறுபடி ஓடவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "கை இருக்கட்டும். ஏன் உங்களுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது? நெஞ்சு படபடப்பு ஏதும் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

"அது நோய் இல்ல டாக்டர்" என்றார் அப்பா. "இவ தினமும் எனக்கு எதிர்ல வந்து உக்காந்தா. ரொம்ப வருஷம் கழிச்சு உக்காந்தா. ஃபேனப் போட்டா எழுந்து போயிடுவா."

டாக்டர் எழுதியதை அடித்தார்.