மணி அடிக்காத எடை

மூன்றாவது முறையாகக் கதவு பாதி மூடி, மணி அடித்து, மறுபடி திறந்துகொண்டது. ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் சக்கரக் கட்டிலில் அப்பா. அவரைச் சுற்றி எள் விழ இடமில்லாமல் உறவுக்காரர்கள்.

"யாராச்சும் இறங்குங்க, எடை தாங்கல," என்றார் கட்டிலைத் தள்ளி வந்த ஊழியர். "மேல நாலாவது மாடில டாக்டர் காத்துட்டிருக்காரு. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுவாரு. அப்புறம் ஆபரேஷன் எப்பன்னு என்னைக் கேக்காதீங்க."

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்பாவின் இளைய மகள்; வீட்டிலும் அவளுக்கு அதுதான் பெயர். போன வாரம்தான் ஒன்பதாம் வகுப்பில் அசமன்பாடுகள் நடத்தியிருந்தாள். ஏறுகிறவர்களின் மொத்த எடை லிஃப்டின் வரம்பைத் தாண்டக் கூடாது. எத்தனை பேர் ஏறலாம்? கணக்குப் புத்தகத்து மனிதர்கள் தங்கமானவர்கள். எல்லோருக்கும் ஒரே எடை. இறங்கு என்றால் இறங்கிவிடுவார்கள்.

உள்ளே பலகையில் அறுநூறு கிலோ என்று எழுதியிருந்தது. கட்டிலும் அப்பாவும் இருநூறு. ஊழியர் எழுபது. அவள் அறுபது.

"அத்தை, நீங்க எவ்வளவு?"

"அம்பத்தஞ்சு," என்றாள் அப்பாவின் அக்கா, கண்ணைச் சிமிட்டாமல்.

"எழுபத்தஞ்சு. காலைல வேற சாப்பிடல," என்றார் சித்தப்பா.

அத்தான் வயிற்றை எக்கிக்கொண்டு, "எழுபத்தெட்டு," என்றார். அவர் மனைவி, டீச்சரின் அக்கா, "அம்பத்தெட்டு. கல்யாணத்துலேருந்தே அம்பத்தெட்டுதான்."

ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு. வரம்புக்குள் அழகாக அடங்கியது. நிம்மதியாகப் பொத்தானை அழுத்தினாள். மணி அடித்தது.

"மெஷின்ல ஏதோ கோளாறு," என்றார் அத்தான்.

"மெஷின் பொய் சொல்லாது அத்தான்!"

"என்னை ஏன்டி முறைக்கிற?" அத்தை கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "தம்பியத் தூக்கி வளத்தவ நான் இறங்கணுமா?"

"ராத்திரி பூரா முழிச்சிருந்தவன் நான்," என்றார் அத்தான்.

"அப்ப போய்த் தூங்குங்க மாப்பிள்ளை," என்றார் சித்தப்பா.

யாரும் அசையவில்லை. ஏன் என்று டீச்சருக்குத் தெரியும். இன்று இறங்கியவரைப் பத்து வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவார்கள், அந்த நேரத்தில் கூட நிற்கவில்லை என்று. டாக்டர் கிளம்பிப் போனால் மட்டும் யாரையும் யாரும் சொல்லிக்காட்ட முடியாது போலிருக்கிறது.

கட்டிலிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "நான் வேணா இறங்கிக்கட்டுமா?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

டீச்சர் வெளியே குதித்தாள். அத்தையின் கையையும் சேர்த்து இழுத்தாள். "வாங்க, நாம படியேறலாம்."

"என் முட்டி..."

"முட்டியும் வரட்டும்!"

மணி நின்றது. கதவு மூடியது.

அத்தையைக் கைப்பிடிச் சுவரோடு விட்டுவிட்டு, இரண்டிரண்டு படிகளாகத் தாவினாள். இரண்டாவது மாடிக்கு வந்தபோது அந்தக் கிழட்டு லிஃப்ட் அங்கே வாயைத் திறந்துகொண்டு நின்றது. வாசலில் தலையணை, ஃபிளாஸ்க், வாளி சகிதம் இன்னொரு குடும்பம். முன்னால் நின்ற ஆஜானுபாகுவான மனிதர் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

டீச்சர் ஓடிப்போய் அவருக்கும் கதவுக்கும் நடுவில் புகுந்து, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டாள்.

"யாரும்மா நீ? வழிய விடு!"

மூச்சு வாங்கியதில் அவளால் பேச முடியவில்லை. அவர் காலை எடுக்கவில்லை. அவளுடைய முதுகுக்குப் பின்னால், கட்டிலிலிருந்து அப்பா தலையை மட்டும் தூக்கி, விரிந்திருந்த அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.